சாம்பல் நிறக் கோட்டு

"இந்தக் கோயில் கோபுரத்திலை நாலு பக்கமும் மணிக்கூடு, அந்தோனி அண்ணை. நாலும் நாலு நேரம் காட்டுமாம்."

"அப்ப அங்கை வேலைக்குப் பிந்திப் போனாலும் சாட்டுச் சொல்லலாம்."

செபரட்ணம் சிரித்தபடி அடுத்த படத்தை மேசையில் வைத்தான். கோயில் ஆட்களோடு அயர்லாந்தின் கோர்க் நகரத்தைப் பார்த்துவிட்டுப் போன கிழமைதான் டென்மார்க்கின் பிரெடெரிசியாவுக்குத் திரும்பியிருந்தான். அங்கே ஷாண்டன் தேவாலயத்தில் யாரும் கயிற்றை இழுத்து மணி அடிக்கலாமாம்.

அந்தோனிதாசனுக்கும் அந்தப் பயணத்தில் இடம் இருந்தது. ஆனால், மனைவி பவளராணியைக் கூப்பிட விண்ணப்பம் கொடுத்துப் பதினாறு மாதமாகியும் பதில் இல்லை. தான் இல்லாத நாளில் பதில் கடிதம் வந்துவிடுமோ என்று பயந்து, தன் சாம்பல் நிறக் கோட்டை மட்டும் செபரட்ணத்திடம் கொடுத்து அனுப்பினான். கடிதம் வரவில்லை.

மன்னாரிலிருந்து பவளராணி எழுதியிருந்தாள்: 'அறைக்குள்ளையே கிடவாதேங்கோ. நாலு இடம் போய்ப் பாருங்கோ. அங்கை எடுத்த படம் ஒண்டு அனுப்புங்கோ. அப்பத்தான் எனக்கு நித்திரை வரும்.'

எல்லாப் படத்திலும் செபரட்ணத்தின் பல் தெரிந்தது. ஒன்றில் மட்டும் அவன் அந்தச் சாம்பல் நிறக் கோட்டோடு லீ ஆற்றுப் பாலத்தில் முதுகு காட்டி நின்று, தூரத்துப் பேராலயத்தின் மூன்று கோபுரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கோட்டைப் பவளராணி பழைய படங்களில் பார்த்திருக்கிறாள்.

அந்தோனிதாசன் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

"செபம், இது ஒண்டுதானே இருக்கு?"

"ஓம். எனக்குப் பிடிச்சதும் அதுதான். ஏன்?"

"இதை எனக்குத் தாறியே? நான் போனதெண்டு அவளுக்கு எழுதப்போறன்."