பெட்ரோல் வாடை

காசிராஜன் எல்லையில் இறந்து மூன்று மாதமாகியிருந்தது. தந்தி வந்த அன்றிலிருந்து அவன் அப்பா சங்கரலிங்கத்துக்கு எந்த வாடையும் தெரியவில்லை. பெட்ரோலும் ஒன்றுதான், பிச்சிப்பூவும் ஒன்றுதான். அழுகையும் வரவில்லை. ராஜபாளையத்தில் முப்பது வருஷமாகக் கார் ஷெட் நடத்துகிறவர், மூக்கு போய்விட்டது என்று யாரிடம் சொல்வார்? காலையில் ஷெட்டைத் திறந்தார். சாயங்காலம் பூட்டினார்.

அந்த ஐப்பசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் கிருபாபாய் தன் காரைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, திரும்பும்போது கப்பலில் ஏற்றிவந்த வண்டி. ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும்.

“அண்ணாச்சி, ஒரு வாரமா டேஷ்போர்டுல இந்த லைட்டு எரியுது. பல்பைக் கழட்டிட்டா போதும்னு சொல்லுதாங்க.”

“பல்பு நல்லாத்தான இருக்கு. எதுக்குக் கழட்டணும்?”

சாவியை மூன்று தரம் திருப்பினால் கோளாறின் நம்பரை அந்த வண்டியே காட்டியது. டாக்டர் அதோடு வந்த தடிப்புத்தகத்தைப் புரட்டி, வாசித்துச் சொன்னார். டேங்கில் எழும்பும் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் ஒரு கரிப்பெட்டிக்குள் அடைந்துகொள்ளும். ஓடும்போது இன்ஜின் அதை உறிஞ்சி எரித்துவிடும். அந்தப் பாதையில் ஓட்டை இருக்கிறதா என்று வண்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளுமாம். வெளிக்காற்று வரும் வழியை அடைத்து, டேங்கிலிருந்து கொஞ்சம் காற்றை இழுத்து, எல்லா வால்வையும் மூடிவிடும். உள்ளே இழுத்த இழுப்பு அப்படியே நின்றால் சரி. சீக்கிரம் தளர்ந்தால் எங்கோ காற்று நுழைகிறது என்று அர்த்தம். ஒரு மில்லிமீட்டர் ஓட்டையைக்கூடக் கண்டுபிடித்து விளக்கைப் போட்டுவிடும்.

“இப்பக்கூட பெட்ரோல் வாடை அடிக்குதே. உங்களுக்கு அடிக்கலையா?”

“லேசா அடிக்கு,” என்றார் சங்கரலிங்கம்.

வேறு மெக்கானிக்காக இருந்தால் மோந்தே இடத்தைப் பிடித்திருப்பான். அவர் டேங்க் மூடியின் ரப்பரைப் பார்த்தார். நன்றாக இருந்தது. மல்லாந்து வண்டிக்கு அடியில் போய், கரிப்பெட்டி வரைக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவினார். குழாயில் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று ஏற்றினார். கடைசி வளைவில், கிளிப்புக்குக் கீழே, ஒரு குமிழி வந்தது. உடைந்தது. மறுபடி வந்தது. ரப்பர் வெடித்திருந்தது. அதை வெட்டிவிட்டுப் பெட்ரோல் தாங்கும் புதுக் குழாயை மாட்டினார்.

விளக்கு உடனே அணையவில்லை. ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில், டேங்க் நிறையாமலும் வற்றாமலும் இருக்கும்போதுதான் வண்டி அந்தச் சோதனையைச் செய்யும். மூன்று தரம் தேறினால்தான் விளக்கை அணைக்கும் என்றது புத்தகம். டாக்டர் வண்டியை அவரிடமே விட்டுப் போனார். மூன்று விடியலிலும் சங்கரலிங்கம் அதை ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட்டினார். காசிராஜனைக் கடைசியாகப் பஸ் ஏற்றிவிட்ட நிறுத்தம் வந்தது, போனது. மற்ற நிறுத்தங்களைப் போலத்தான் இருந்தது. மூன்றாம் நாள் விளக்கு அணைந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் சாவியை வாங்கிக்கொண்ட கிருபாபாய் சிரித்தார். “வாடையும் சுத்தமா போயிருச்சு பாருங்க.”

“எனக்கு அது தெரியாது டாக்டரம்மா,” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. “தந்தி வந்ததுல இருந்து ஒரு வாடையும் தெரியல.”

டாக்டரின் சிரிப்பு நின்றது. “சளி, காய்ச்சல் எதுவும் வந்துச்சா?”

“ஒண்ணுமில்ல.”

“வீட்ல சொன்னீங்களா?”

“இல்ல.”

“மொதல்ல அங்க சொல்லுங்க. நாளைக்கு வாங்க, பார்ப்போம்.”

மத்தியானம் சோறு வைத்த மனைவி ஆவுடையம்மாளிடம் சொன்னார். அவள் கரண்டியை வைக்காமலே, “தெரியும்,” என்றாள். “போன வாரம் கொட்டுறதுக்கு வச்சிருந்த குழம்பை நீங்களே ஊத்தித் தின்னீக. ஊசிப்போய் நுரைச்சுக் கெடந்தது.”

“ஏட்டி, ஏன் சொல்லல?”

“சொல்லி என்ன செய்ய? நான் மட்டும் ருசி பாத்தா திங்கேன்? உப்பு போட்டமா இல்லையான்னே எனக்குத் தெரியல.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். மூன்று மாதத்தில் எவ்வளவு மெலிந்துவிட்டாள் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

மறுநாள் ஷெட்டைத் திறக்கவில்லை. இருவரும் ஏழு மணி பஸ்ஸில் போனார்கள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண், யாருக்குப் பார்க்கணும் என்று கேட்டாள்.

“ரெண்டு பேருக்கும்,” என்றார் சங்கரலிங்கம்.