முத்தாயம்மாள் போட்ட அஞ்சு

எத்தனையாவது தடவையாகப் போகிறோம் என்று எண்ணுவதைச் சின்னுசாமி விட்டுவிட்டார். சேலம் பைபாஸ் ஓரத்தில் கல்யாண மண்டபம் மாதிரி நீண்டு கிடக்கிறது அந்த டைல்ஸ் கடை. நாலு மாநிலத்தில் கிளை உண்டு என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். முதல் தடவை போனபோது செக்யூரிட்டி விறைப்பாகச் சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிட்டார். இப்போது சல்யூட்டெல்லாம் இல்லை. "வாங்ண்ணா, இன்னுமா முடியலீங்க?" என்று உச்சுக்கொட்டுகிறார். அந்தக் கடையில் மனதார விசாரித்த ஒரே ஆள் அவர்தான். பாவம், கதவைத் திறப்பதைத் தவிர அவர் கையில் வேறு ஒன்றும் இல்லை.

அப்படி ஒன்றும் மலையைப் புரட்டச் சொல்லிச் சின்னுசாமி கேட்கவில்லை. வழுக்காத தரை வேண்டும், அவ்வளவுதான்.

அவருடைய மனைவி முத்தாயம்மாள் போன மழைக்காலத்தில் பழைய வீட்டுச் சமையலறையில் சிந்திக்கிடந்த தண்ணீரில் கால் வைத்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். "இன்னொரு தடவை விழுந்தா எங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று டாக்டர் சொன்னதிலிருந்து, நடப்பதைவிட விழுவதைப் பற்றிய நினைப்புதான் அவருக்கு அதிகம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, தரையிடம் உத்தரவு கேட்டு வைப்பதுபோல ஒவ்வோர் அடியாக வைப்பார்.

சின்னுசாமி அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில், ஓமலூரிலிருந்து மேச்சேரி போகிற ரோட்டில் உள்ளடங்கிய அவர்கள் ஊரிலேயே சின்னதாக ஒரு வீடு கட்டினார். வாஸ்து, பெயின்ட், வாசல் கிரில் எதைப் பற்றியும் முத்தாயம்மாள் வாய் திறக்கவில்லை. "தரை மட்டும் சொரசொரன்னு இருக்கோணுங்க" என்றார்.

அதற்காகவே அவரைக் கார் வைத்துக் கடைக்கு அழைத்துப் போனார் சின்னுசாமி. அந்த அம்மாள் அங்கே செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். பளபளவென்று அடுக்கி வைத்திருந்ததில் சாம்பல் நிறக் கல் ஒன்றைக் கீழே வைக்கச் சொன்னார். பையிலிருந்த பாட்டிலைத் திறந்து அதன்மேல் தண்ணீரை ஊற்றினார். செருப்பைக் கழற்றிவிட்டு, வாக்கரை இறுகப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலால் தேய்த்துப் பார்த்தார். விற்பனைப் பையன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "இது நிக்குதுங்க. இதையே வாங்கிப்போடுங்க" என்று சொன்னபோது முத்தாயம்மாள் முகத்தில், விழுந்ததிலிருந்து இல்லாத ஒரு தெளிச்சி இருந்தது. அந்த ஒரு முகத்துக்கே கொடுக்கிற பணம் தகும் என்று பட்டது சின்னுசாமிக்கு. பில் போடும்போது அவருடைய போன் சார்ஜ் இறங்கிக் கிடந்ததால், மனைவியின் நம்பரைக் கொடுத்தார்.

பெட்டிகள் வந்து இறங்கின. டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி மாதேஸ்வரன் முதல் பெட்டியைப் பிரித்து, ஒரு கல்லை எடுத்துக் கையால் துடைத்தார். துடைத்த இடத்தில் அவர் மீசை தெரிந்தது.

"ஏனுங்ண்ணா, அக்காளுக்கு வழுக்காத கல்லுன்னீங்க. இது கண்ணாடியாட்ட இருக்குதே?"

நிறம் அதேதான். சொரசொரப்பு மட்டும் இல்லை. அன்றைக்கு ஆரம்பித்தது அலைச்சல். போன் செய்தால் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று ஒரு குரல், அப்புறம் பாட்டு. நேரில் போனால், விற்ற பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். பில் போடுகிற இடத்தில் குடோனைக் கேளுங்கள் என்றார்கள். குடோனில், கம்பெனி பேக் பண்ணி அனுப்பியதற்கு நாங்கள் என்ன செய்வது என்றார்கள். டோக்கன் எடுத்து உட்கார்ந்தால், "கம்ப்ளைன்ட் போட்டாச்சு சார், ஆள் வந்து பார்ப்பாங்க, அதுவரைக்கும் ஒட்டாதீங்க" என்று ஒரு பெண் சிரித்த முகமாகச் சொல்லி அனுப்பினாள். ஒட்டாமல் காத்திருந்தார்கள். ஆளும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை கொடுத்து முடித்தாயிற்று. மாதேஸ்வரனோ அடுத்த வேலைக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

இன்றைக்கு எப்படியும் மேனேஜரைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று வந்திருந்தார் சின்னுசாமி. மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டி உள்ளே விட்டார்கள். சட்டையில் ஆனந்தகுமார் என்று பெயர் குத்திய இளைஞர். எழுந்து நின்று வரவேற்றார். தண்ணீர் கொடுத்தார். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, திரையை இவர் பக்கம் திருப்பினார்.

"சார், இந்தக் கம்ப்ளைன்ட் முடிஞ்சு போச்சே."

"முடிஞ்சுதா? யாருங்க முடிச்சது?"

"நீங்கதான் சார். கஸ்டமர் கேர்ல இருந்து போன் பண்ணிக் கேட்டிருக்காங்க. ரொம்ப திருப்தி, அஞ்சுக்கு அஞ்சுன்னு பதிவாகியிருக்கு. அஞ்சு போட்டா சிஸ்டமே மூடிடும் சார்."

நம்பரைக் காட்டினார். முத்தாயம்மாளின் நம்பர்.

சின்னுசாமி அந்த நம்பரை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். கொண்டு வந்த கோபமெல்லாம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் நெஞ்சுக்குள்ளேயே நின்றது. மேனேஜர் மேலும் சொன்னார். புதுசாக ஒரு கம்ப்ளைன்ட் போட்டுக்கொள்ளலாம். ஒட்டாத பெட்டிகளை மட்டும்தான் மாற்ற முடியும். மறுபடியும் போன் வரும். அப்போது திருப்தி இல்லை என்று சொன்னால் மேலிடத்துக்குப் போகும்.

"அப்ப மாத்திக் குடுத்துருவீங்களா?"

"கண்டிப்பா சார்."

இந்தக் 'கண்டிப்பா' கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துப்போயிருந்தது. கண்டக்டர் வேலையில் ஏச்சு வாங்காத நாள் கிடையாது. சில்லறைக்கு ஏச்சு, நிற்காத ஸ்டாப்புக்கு ஏச்சு, மழைக்குக் கூரை ஒழுகினால் அதற்கும் ஏச்சு. கூரையை அவரா போட்டார்? ஆனாலும் திட்டுகிறவனுக்கு எதிரில் ஒரு முகம் இருந்தது. திட்டி முடித்து, மனசு ஆறி, இறங்கிப் போனான். இங்கே திட்டுவதற்கு ஓர் ஆள்கூட அகப்படவில்லை. எல்லோரும் தண்ணீர் கொடுக்கிறார்கள். எல்லோரும் நல்லவர்களாக இருக்கிறார்கள். அந்த நல்லதனம்தான் மனுஷனை நடைப்பிணமாக்குகிறது.

புதுக் கம்ப்ளைன்ட் ஒன்றைப் போட்டுவிட்டு, பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது, பழைய வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து முத்தாயம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"ஏம்புள்ள, போன வாரம் கடையில இருந்து உனக்குப் போன் வந்துச்சா?"

"ஆமாங்க, ஒரு பொண்ணு பேசுச்சு. அம்மா அம்மான்னு அத்தனை மருவாதையா. கஸ்டமர் கேருங்களான்னு கேட்டேன், ஆமாங்கம்மா, எங்க சேவை திருப்தியா, எத்தனை மார்க் குடுப்பீங்கன்னுச்சு. பாவம், தொண்டை கட்டிக் கெடந்துச்சுங்க. அஞ்சுன்னேன். ஏனுங்க?"

திட்டலாம். திட்டினால் வாடிப்போவார். முன்பின் தெரியாதவர்கள் மரியாதையாகக் கேட்டால் நல்லதாக நாலு வார்த்தை சொல்லி அனுப்புவதுதான் இந்தப் பக்கத்துப் பழக்கம். குழம்பு வாயில் வைக்க முடியாமல் இருந்தாலும் 'நல்லா இருக்குதுங்க' என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். சின்னுசாமியும் அப்படித்தான் இத்தனை காலம் எழுந்திருக்கிறார். அதனால் திட்டவில்லை. மறுபடி போன் வரும், ஒன்று என்று சொல்ல வேண்டும் என்பதை மட்டும் சொன்னார்.

"அந்தப் பொண்ணுகிட்டப் போயி ஒண்ணுன்னா?" என்றார் முத்தாயம்மாள்.

"உன்ற காலுக்காகச் சொல்லு."

கீரையை உருவிய கை நின்றது. முத்தாயம்மாள் சரி என்று தலையாட்டினார்.

வேறு கல் வாங்கக் கையில் காசு இல்லை. தேதியைத் தள்ளவும் முடியாது. ஹாலுக்கு மட்டும் வந்த கல்லை ஒட்டச் சொன்னார். சமையலறைக்கும் குளியலறைக்கும் உள்ள பெட்டிகளைப் பிரிக்காமல் வைத்து, அங்கே வெறும் சிமென்ட் தரையாகவே விட்டார்கள். தண்ணீர் புழங்குகிற இடத்துக்காவது மாற்றிக் கொடுத்தால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். மாதேஸ்வரன் ஒட்டி, துடைத்து, மெழுகினார். விளக்கைப் போட்டால் ஹால் முழுக்க இன்னொரு ஹால் தலைகீழாகத் தெரிந்தது. பார்த்தவர்கள் எல்லாம் ஆகா என்றார்கள். சின்னுசாமி ஒவ்வோர் ஆகாவுக்கும் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

விழா அன்று விடிவதற்கு முன்பே பக்கத்துக் காட்டு அம்மாசி தன்னுடைய செவலை மாட்டையும் கன்றையும் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்துப் பிடித்து வந்தார். புது வீட்டுக்குள் முதலில் பசு போக வேண்டும். வாசல்படி வரைக்கும் வந்த மாடு, முன்னங்காலைத் தூக்கி உள்ளே வைத்தது. குளம்பு சர்ரென்று ஓடியது. சட்டென்று பின்வாங்கி நின்றுகொண்டது. இழுத்தார்கள், தட்டிக்கொடுத்தார்கள், வாழைப்பழம் காட்டினார்கள். தரையைப் பார்த்துப் பார்த்து மூச்சு விட்டதே தவிர அசையவில்லை.

"வாயில்லாத சீவன், கால ஒடச்சுக்கிட்டா யாரு பாக்கறது?" என்று அம்மாசி ஓடிப்போய் தவிட்டுச் சாக்குகளைக் கொண்டு வந்து, தண்ணீரில் நனைத்து, வாசலிலிருந்து சமையலறை வரைக்கும் வரிசையாக விரித்துவிட்டார். மாடு சாக்கை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே நடந்தது.

பின்னாலேயே பால்குடத்தோடு போக வேண்டியவர் முத்தாயம்மாள். குடத்தைச் சின்னுசாமி வாங்கிக்கொண்டார். வாக்கரின் கால் நனைந்த சாக்கில் மாட்டி இழுத்தது. முத்தாயம்மாள் அதை ஓரமாக விட்டுவிட்டு, ஒரு கையால் புருஷன் தோளையும் மறுகையால் மாட்டின் முதுகையும் பிடித்துக்கொண்டார். மாடும் மெதுவாகத்தான் போயிற்று. இரண்டு பேருக்கும் அந்தத் தரையிடம் ஒரே பயம். சின்னுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாகத்துப் புகை என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. முத்தாயம்மாள் ஸ்பீக்கரைப் போட்டார். எதிரில் உட்கார்ந்திருந்த சின்னுசாமி, மறந்துவிடக் கூடாதே என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"வணக்கம் மேம். உங்க புகார் சம்பந்தமா கூப்பிடறேன்." அதே பெண். தொண்டை இன்னும் சரியாகவில்லை.

"சொல்லு சாமி. சாப்புட்டியா?"

"இனிமேதான் மேம். எங்க சேவைக்கு ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள எவ்வளவு குடுப்பீங்க?"

முத்தாயம்மாள் விரலைப் பார்த்தார். "ஒண்ணு சாமி. உன்னையச் சொல்லல. இந்தக் கல்லைச் சொல்றேன். கால் வெக்கவே பயமா இருக்குது."

அந்தப் பெண்ணின் குரல் தாழ்ந்து வந்தது. "மேம், இது நான் உங்ககிட்ட பேசினதுக்குப் போடற மார்க். டைல்ஸுக்குப் போட எங்ககிட்ட இடமே கிடையாது."

சின்னுசாமி போன் பக்கம் குனிந்தார். "கல்லுக்கு எங்கம்மா சொல்றது?"

"கடையிலதான் சார்."

"கடையில, போன் வரும், அதுல சொல்லுங்கன்னாங்களே?"

"எல்லாருமே அப்படித்தான் சார் சொல்றாங்க."

"ஒண்ணு போட்டா உனக்கு என்ன பண்ணுவாங்க சாமி?" என்று கேட்டார் முத்தாயம்மாள்.

"இந்த மாசம் ஏற்கெனவே நெறைய ஒண்ணு வந்திருச்சு மேம்." அதற்குமேல் அந்தப் பெண் சொல்லவில்லை. கெஞ்சவும் இல்லை.

கூரை ஒழுகினால் கண்டக்டருக்குத்தான் திட்டு. சின்னுசாமி தூக்கிப் பிடித்திருந்த விரலைப் பார்த்தார். கை வலித்தது. மற்ற விரல்களையும் மெல்ல விரித்தார். முத்தாயம்மாள் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

"அஞ்சு போட்டுக்க சாமி. மொதல்ல போயி சாப்புடு."

போனை வைத்த மறுநிமிடமே மெசேஜ் வந்தது. உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது என்று இருந்தது. சின்னுசாமி சத்தமாகப் படித்தார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"சமையக்கட்டுல சிமென்டுத் தரையே இருக்கட்டுங்க. கால் நல்லா நிக்குது" என்றார் முத்தாயம்மாள்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த அம்மாசி, வீட்டுக்கு அழகு கெடுகிறதே என்று குனிந்து முதல் சாக்கைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"இருக்கட்டுமுங்ண்ணா" என்றார் சின்னுசாமி. "மாடு மட்டுந்தான் திரும்பிப் போயிருக்குது."