பல்லக்கா ஓட்டிப் பார்த்த கார்

பதினான்கு வருடம் உழைத்த கார் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வீட்டு வாசலிலேயே படுத்துவிட்டது. வந்து பார்த்த மெக்கானிக் கியர் பெட்டி போய்விட்டது என்றார். சரிசெய்யலாம், ஆனால் அடுத்த மாதம் வேறொன்று போகும் என்றும் சொன்னார். இதையெல்லாம் காரின் சொந்தக்காரியிடம் சொல்லவில்லை, பக்கத்தில் நின்ற அவள் கணவரிடம் சொன்னார். அவளுக்குக் காது கேட்காது என்று தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அவள் மெக்கானிக்கின் உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“அப்பப் புதுசு வாங்கிடுவோம்” என்றாள். தன் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

இருபத்து நான்கு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் காதுகளை எடுத்துக்கொண்டு போனது. இப்போது ஐம்பத்து இரண்டு. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துச் செயற்கைப் பல் செய்யும் கூடம் ஒன்றை நடத்துகிறாள். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு அவள் பல்லக்கா. மருத்துவர்களுக்கும் பல்லக்கா. நாளடைவில் அவள் பெயரே அதுதான் என்றாகிவிட்டது. பல்லை ராவித் தேய்க்கும் கடைசல் கருவியின் உள்ளே சுழலும் உருளை தேயத் தொடங்கினால், காது நன்றாகக் கேட்கும் ஏழு பேருக்கும் தெரியாது. கருவியைப் பிடித்த மாத்திரத்தில் அவள் விரலுக்குத் தெரிந்துவிடும்.

கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒரு கண்ணில் பார்வை மங்கல் என்பதால் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. இருபத்திரண்டு வருடமாக அவள்தான் ஓட்டுகிறாள்.

அன்று மாலை அவள் கணினியில் பெரிய செடான் கார்களாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பல்லக்காவுக்குப் பல்லக்கா கேக்குது?”

“ஆமா. முப்பது வருஷமா குனிஞ்சே உக்காந்து பல்லு ராவியாச்சு. இனிமே கொஞ்சம் சாஞ்சு உக்காந்து போறேன்.”

“உசரமான வண்டி எடுக்கலாமே? ஏறி இறங்க வசதி.”

“அதுல ரோடு எங்கயோ கீழ கிடக்கும். எனக்கு ரோடு முதுகுல தெரியணும்.”

சனிக்கிழமை, வாடகைக் காரில் போய் முதல் காட்சிக்கூடத்தில் இறங்கினார்கள். தரை முகம் பார்க்கலாம் போலிருந்தது. நரைத்த மீசையும் பளபளக்கும் காலணியுமாக ஒரு விற்பனையாளர் வந்து, கருநீல நிறக் கார் ஒன்றின் கதவைத் திறந்துவிட்டு, வாத்தியாரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

“சார், இந்தக் கதவ மூடிட்டீங்கன்னா வெளி உலகமே கிடையாது. அவ்ளோ அமைதி. குண்டூசி விழுந்தாக்கூட உள்ள கேக்காது.”

“அது எனக்கு ஏற்கனவே இருக்கு” என்றாள் பல்லக்கா. “வேற என்ன இருக்கு?”

விற்பனையாளர் அவளையும் வாத்தியாரையும் மாறி மாறிப் பார்த்தார். “மேடத்துக்கு...?”

“காது கேக்காது. ஓட்டத் தெரியும். ஓட்டிப் பாக்கற வண்டி எங்க நிக்குது?”

அவர் ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டிவிட்டு உள்ளே போனார். நிமிடம் பத்தாயிற்று. பிறகு கோட்டுப் போட்ட மேலாளர் வந்தார். வந்தவர் அவளைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, பேச்சை வாத்தியாரிடம் வைத்துக்கொண்டார்.

“சார், நீங்க ஓட்டிப் பாருங்களேன். மேடம் பக்கத்துல உக்காரட்டும்.”

“எனக்கு ஓட்ட வராதுங்க.”

“அப்ப நம்ம டிரைவர் ஓட்டட்டும். நீங்க ரெண்டு பேரும் பின்னாடி ராஜா ராணி மாதிரி சாஞ்சுக்கங்க. பாதுகாப்பு விஷயம் பாருங்க, நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

“சரிங்க” என்றார் வாத்தியார்.

அந்தச் ‘சரிங்க’வை அவள் பார்த்தாள். உதட்டில் தெளிவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் வந்தது. மேலாளர் சொன்னதுகூட அவ்வளவு சுடவில்லை. அவரை அவளுக்கு யாரென்றே தெரியாது.

அவள் கைப்பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினாள். மூன்று முறை புதுப்பித்தது. ‘கேட்கும் திறன் இல்லை, இருபக்கக் கண்ணாடிகள் கட்டாயம்’ என்று அதிலேயே அச்சடித்திருந்தது. “சட்டம் குடுத்திருக்கு. நீங்க குடுக்கலைன்னா, காது கேக்காததால தர மாட்டோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

“எழுத்தெல்லாம் எதுக்கு மேடம்...”

“சொல்ல முடியுது, எழுத முடியாதா?”

அவள் நேராக வெளியே நடந்தாள். ஓட்டிப் பார்ப்பதற்கான கார் வாசல் வழியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது, கதவு பூட்டியிருக்கவில்லை. ஏறி உட்கார்ந்து, இருக்கையை முன்னே இழுத்து, கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பி, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். சாவி இல்லை. அதனால் என்ன, இறங்கப் போவதில்லை.

பின்னால் உள்ளே வரவேண்டிய ஒரு கார் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. காவலாளி யாரைத் திட்டுவது என்று தெரியாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள்.

வாத்தியார் ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார். “விடும்மா. ஊர்ல வேற கடையா இல்ல?”

“இருக்கு. அங்கயும் ஒரு மேனேஜர் இருப்பார். அங்கயும் சரிங்கன்னு சொல்ல நீங்க இருப்பீங்க.”

வாத்தியாரின் முகம் சுருங்கிவிட்டது. அவர் நிமிர்ந்து, மேலாளரைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

கடைசியில் மேலாளர் தானே வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். கூட்டம் கூடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார். “மேடம், உங்களக் குறைவா நினைக்கல. ஆனா பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சா? யாராவது கத்தினா? உங்களுக்குக் கேக்காதே. அந்த பயம்தான்.”

“உங்களுக்குக் கேக்குமா?”

“எனக்குக் கேக்குமே.”

“சரி. சாவியப் போடுங்க. கண்ணாடிய ஏத்துங்க. ஏசி வைங்க. தினம் வீட்டுக்குப் போறப்ப எவ்ளோ சத்தமா பாட்டு வைப்பீங்களோ அவ்ளோ வைங்க.”

மேலாளர் சிரித்துக்கொண்டே வைத்தார். பாட்டின் அதிர்வு அவள் முழங்கை வைத்திருந்த இடத்தில் வந்தது. தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றுவதற்கு முன் அவள் தலையை வெளியே நீட்டினாள்.

“என்னங்க, பின்னாடி பத்தடி தள்ளிப் போய் நில்லுங்க. நின்னு சத்தமாக் கத்துங்க.”

“என்னன்னு?”

“இவரப் பத்தி உங்களுக்கு இப்ப என்ன தோணுதோ, அத.”

இருபத்தேழு வருடம் கடைசி பெஞ்சு வரைக்கும் பெருக்கல் வாய்ப்பாட்டைக் கொண்டுசேர்த்த தொண்டை அது. ஆனால் ஒரு பெரிய மனிதரை எதிர்த்து ஒருநாளும் உயர்ந்ததில்லை. வாத்தியார் பத்தடி தள்ளிப் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அவள் ஜன்னலை ஏற்றிவிட்டு, பக்கவாட்டுக் கண்ணாடியில் அவர் உதடுகளைப் பார்த்தாள்.

முதலில், “சார்!” பிறகு, “சார், நீங்க செய்யறது சரியில்ல!” பிறகு ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, “அவ என்னைவிட நல்லா ஓட்டுவா! உங்களவிடவும்!” கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அதில் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது போலிருக்கிறது. இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார். “முட்டாள்! கோட்டுப் போட்ட முட்டாள்!”

காவலாளி வாயைப் பொத்திக்கொண்டார். நரைத்த மீசை விற்பனையாளர் அவசரமாக வேறு பக்கம் திரும்பி நின்றார், ஆனால் தோள்கள் குலுங்கின.

உள்ளே மேலாளர் விரல்களால் தாளம் போட்டுக்கொண்டு காத்திருந்தார். “ஆரம்பிக்கச் சொல்லுங்க மேடம்.”

“ஆரம்பிச்சு, முடிச்சுட்டார்.”

மேலாளரின் தாளம் நின்றது. “என்ன சொன்னார்?”

“மொதல்ல மரியாதையாத்தான் ஆரம்பிச்சார்.”

அவர் பாட்டை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வெளியே எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பல்லக்கா சிரிக்கவில்லை. “வெளிய ஒண்ணும் கேக்காதுன்னு சொல்லித்தானே இந்தக் கார விக்கறீங்க? வாங்கற அத்தன பேரும் கேக்காமத்தான் ஓட்டப் போறாங்க. நான் இருபத்திரண்டு வருஷமாப் பழகினவ. அவங்கதான் புதுசு.”

மேலாளர் உரிமத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெல்ட்டை இழுத்து மாட்டினார். “போலாம். நானே வர்றேன்.”

வாத்தியார் ஓடி வந்து பின்னால் ஏறிக்கொண்டார். கார் நகர்ந்தது.

அவள் ஓட்டும்போது பேசமாட்டாள். மூன்று கண்ணாடிகளிலும் பார்வை மாறி மாறிப் போய்வரும். முன்னால் போகும் காரின் பிரேக் விளக்கு, ஓரத்தில் நிற்பவரின் கழுத்துத் திரும்புவது, பக்கத்துச் சந்தில் தெரியும் நிழல், எல்லாமே அவளுக்குச் செய்தி. கார் அவள் கைக்கு அடங்கியது. கரடுமுரடான இடத்தில் ஸ்டியரிங் வழியே ரோடு பேசியது. ரோட்டில் போட்டிருந்த கோட்டைத் தாண்டப் போனால் இருக்கையே அதிர்ந்து தொடையில் தட்டிச் சொன்னது. இப்படி ஒன்றை அவள் இதுவரை ஓட்டியதில்லை. உள்ளுக்குள் ஒரு குதூகலம் பொங்கியது, முகத்தில் காட்டவில்லை.

மேலாளர் மேலே இருந்த கைப்பிடியை விடவே இல்லை. சிவப்பு விளக்கில் நின்றதும் அவள் அவர் பக்கம் திரும்பினாள். “பேசணும்னா இப்பப் பேசுங்க.”

“ஒண்ணும் இல்ல மேடம்.”

“எனக்கு ஒண்ணு இருக்கு. அறுபதத் தொட்டா ஸ்டியரிங் நடுங்குது. முன் சக்கரம் ஒண்ணு சரியில்ல.”

“புது வண்டி மேடம்! நான் தினம் ஓட்டறேன்.”

“தினம் பாட்டுக் கேட்டுக்கிட்டு.”

திரும்பி வந்ததும் மேலாளர் ஆளே மாறிவிட்டார். குடிக்க ஏதாவது வேண்டுமா, என்ன நிறம் பிடிக்கும், எந்த வாரம் வேண்டும் என்று அவளிடமே கேட்டார். அவள் சாவியை மேசையில் வைத்தாள்.

“கார் பிரமாதம். உங்ககிட்ட வாங்க மாட்டேன்.”

பேருந்து நிறுத்தத்தில் வாத்தியார் அவள் முன்னால் வந்து, முகம் தெரியும்படி நின்றார். “உன்ன யாராவது ஒரு மாதிரி பாத்தா எனக்குத் தாங்கல. சட்டுனு முடிஞ்சாப் போதும்னு தோணுது. அதான் வாயில சரிங்கன்னு வந்துடுது.”

“சட்டுனு முடிஞ்சா அவங்களுக்கு நல்லது. எனக்கு என்ன கிடைக்குது?”

அவர் பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். மறுபடி அவள் பக்கம் திரும்பி, “கடைசியாச் சொன்னது உனக்குத் தெரிஞ்சுதா?” என்று கேட்டார்.

“கோட்டுப் போட்ட முட்டாள்.”

அவருக்கு வெட்கமும் பெருமையும் சேர்ந்து வந்தன.

அடுத்த வாரம் இன்னும் இரண்டு கார்களை ஓட்டிப் பார்த்தாள். இரண்டு இடத்திலும் வாசலிலேயே விஷயத்தைச் சொன்னாள். ஒரு இடத்தில் அரை மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. வாத்தியார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் “அவங்ககிட்டக் கேளுங்க” என்ற ஒரே பதிலைச் சொன்னார். முதல் காரில் இருக்கை மெத்தைதான், ஆனால் ஸ்டியரிங் செத்துக் கிடந்தது. இரண்டாவது எதற்கெடுத்தாலும் கீச்கீச்சென்று கத்தி எச்சரிப்பதாக வாத்தியார் சொன்னார். அவளுக்கு அதனால் ஒரு காசு உபயோகம் இல்லை.

இதற்கிடையில் நரைத்த மீசை விற்பனையாளரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘மேடம், நீங்கள் சொன்னது சரி. முன் சக்கரத்தில் சமநிலைக்காக ஒட்டியிருந்த எடைக்கட்டி விழுந்திருந்தது. சொல்ல வேண்டும் என்று தோன்றியது.’

“அந்தக் கார்தான் வேணும்” என்றாள் அவள்.

“அந்த ஆள்கிட்டயா திரும்பப் போறது?”

“அந்தக் கார அவரா செஞ்சார்?”

அதே காரை விற்கும் இன்னொரு கடை, ரயிலில் மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தது. அவள் எழுதி அனுப்பினாள். ‘எனக்குக் காது கேட்காது. நானே ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.’

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. ‘லைசென்ஸ் கொண்டு வாங்க.’

அவ்வளவுதான். அங்கே இருந்த விற்பனைப் பெண் வேகமாகப் பேசுகிறவள், மூன்று முறை திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் சாவியை மட்டும் கேட்டவுடன் கொடுத்தாள்.

வண்டி கைக்கு வந்த நாளில், புகைப்படம் எடுக்கிறவர் அட்டையில் செய்த பெரிய சாவியை வாத்தியாரிடம் நீட்டினார். வாத்தியார் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, காரின் முகப்பில் கட்டியிருந்த சிவப்பு நாடாவையும் அவிழ்க்கச் சொன்னாள்.

நெடுஞ்சாலை காலியாக இருந்தது. பிற்பகல் வெயில் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வாத்தியார் முதல் ஒரு மணி நேரம் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனார். அவள் இருக்கையை ஒரு விரற்கடை சாய்த்துக்கொண்டு ஓட்டினாள். உள்ளங்கையில் நடுக்கம் ஏதும் இல்லை. ரோடு மட்டும் முதுகில் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

ஊருக்குத் திரும்பும் வழியைக் காட்டும் பலகை வந்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. பலகை பக்கவாட்டில் வந்து, கண்ணாடிக்குள் சிறுத்து, மறைந்தது.

அந்த நேரம் பார்த்து வாத்தியார் விழித்துக்கொண்டார். பின்பக்கம் கையைக் காட்டி என்னவோ சொன்னார். விரல் நீண்டதும் உதடு அசைந்ததும் கடைக்கண்ணில் தெரிந்தன. அவள் ரோட்டிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

“பாத்தேன்” என்றாள், கார் அதிரும்படி. “நான்தான் திரும்பல.”