பிரேக் அக்காவின் வாய்ப்பூட்டு

அந்த டிரைவிங் ஸ்கூலில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாரும் இல்லை. பிரேக் அக்கா என்றால்தான் தெரியும். பயிற்சி கார்களில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற பயிற்சியாளர்கள் ஆபத்து வந்தால் அதை மிதிப்பார்கள். அவளோ எரிச்சல் வந்தாலே மிதிப்பாள். எரிச்சல் வருவதற்கு அவளுக்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படாது. கண்ணாடியைப் பார்க்காமல் திரும்புகிறவன், ஸ்டியரிங்கைக் காதலியைப் போலக் கட்டிக்கொள்கிறவன், தன் தப்புக்குக் கிளட்சைத் திட்டுகிறவன், எல்லோரும் அவள் கணக்கில் ஒரே ஜாதி. மனிதர்களில் பெரும்பாலானவர்கள் பின்சீட்டில் உட்காரவே லாயக்கு என்பது அவளுடைய முடிந்த முடிவு.

அப்படிப்பட்டவள் வாய்க்கு நாற்பது வயதுக்குமேல் ஒரு சோதனை வந்தது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தாமல் கடைவாய்ப் பற்கள் தேய்ந்துபோயிருந்தன. கொட்டாவி விட்டால் தாடையில் டக்கென்று சத்தம் கேட்டது. பல் சீரமைப்பு டாக்டர் பிரேஸ் என்கிற கம்பிக் கிளிப் போடச் சொன்னாள். கம்பியோடு வேலைக்குப் போன முதல் நாள் வரவேற்பு மேஜையில் இருந்த பெண், "இனிமே நீங்க பிரேக் அக்கா இல்ல, பிரேஸ் அக்கா!" என்று சொல்லித் தானே சிரித்தாள். பிரேக் அக்கா அவளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். அந்த நகைச்சுவை அதோடு செத்தது.

கம்பியைப் பொறுத்துக்கொண்டுவிட்டாள். வினை ரப்பரில் வந்தது. சில மாதங்கள் கழித்து டாக்டர் ஒரு சிறு பொட்டலம் நிறையக் குட்டி ரப்பர் வளையங்களைக் கொடுத்து, மேலே கோரைப்பல்லில் இருக்கும் கொக்கியிலிருந்து கீழே கடைவாயில் இருக்கும் கொக்கிக்கு, இரண்டு பக்கமும் எப்படி இழுத்து மாட்டுவது என்று காட்டினாள்.

"சாப்பிடறப்பவும் பல்லு தேய்க்கறப்பவும் மட்டும் கழட்டுங்க. மத்த நேரமெல்லாம் வாயிலயே இருக்கணும். முதல்ல கொஞ்சம் வலிக்கும்."

"எனக்கு வலியெல்லாம் ஒண்ணும் பண்ணாது, டாக்டர். ரெண்டு புள்ளை பெத்தவ."

"சரிங்க," என்றாள் டாக்டர். அந்தச் 'சரிங்க'வில் இருந்த பொறுமை பிரேக் அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலமே வலி தன் வேலையைக் காட்டியது. சொத்தைப் பல் வலி போலச் சுருக்கென்று குத்தினால் ஒரு அலறு அலறி முடித்துவிடலாம். இது அப்படியில்லை. யாரோ வேருக்குக் கயிறு கட்டி, அவசரமே இல்லாமல், தின்பண்டம் தின்றுகொண்டே இழுப்பது போல இருந்தது. மேல்பல் கீழ்ப்பல்லைத் தொட்டால் உச்சந்தலை வரை ஜிவ்வென்று ஏறியது. ரொட்டியைப் பிய்த்துப் பாலில் ஊறப்போட்டு, நாக்காலேயே நசுக்கி விழுங்கினாள்.

எதிரே உட்கார்ந்து வறுத்த கடலையை நொறுக்கிக்கொண்டிருந்த கணவனுக்கு மனசு கேட்கவில்லை. "கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோம்மா," என்றான்.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஏங்க, வாயில வர்றதை யோசிச்சுத்தான் பேசறீங்களா? பல்லைக் கடிக்க முடிஞ்சா நான் எதுக்குப் பல்லு முளைக்காத குழந்தை மாதிரி இதைத் தின்னுக்கிட்டு இருக்கேன்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுக்குக்கூட ஒரு அறிவு வேணும்."

அவன் கடலையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான். அங்கிருந்தும் நொறுக்கும் சத்தம் கேட்டது.

ஸ்கூலிலோ ஆளாளுக்கு வைத்தியர்கள். வரவேற்புப் பெண் கிராம்பு வைக்கச் சொன்னாள். மேனேஜர் தன் மச்சானுக்கு யாரோ சொன்னதாக ஏதோ எண்ணெயைக் கொப்பளிக்கச் சொன்னார். அவருடைய சொந்தப் பற்கள் ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டிருந்தன. ஆனால் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவன் அவளிடம் அப்போது கற்றுக்கொண்டிருந்த பயில்வான்தான். உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவன். சட்டைக் கை பிதுங்கும் புஜம். காரில் ஏறியதும் கண்ணாடியைத் திருப்பிப் பின்பக்கம் வரும் வண்டியைப் பார்க்க மாட்டான், தன் கழுத்தைப் பார்ப்பான்.

"வலிங்கறது என்ன தெரியுங்களா மேடம்? உடம்புல இருக்கற பலவீனம் வெளிய போற சத்தம். நீங்க அதை வரவேற்கணும்."

"மொதல்ல அந்தப் பக்கம் வர்ற லாரியை வரவேத்து ஒதுங்குங்க."

சொல்லிவிட்டாளே தவிர, ரப்பர் மாட்டிய வாயிலிருந்து அது 'லாழியை வழவேத்து' என்றுதான் வந்தது. பயில்வான் உதட்டோரம் சிரித்தான். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. வாயை முழுசாகத் திறந்து திட்ட முடியாத பிழைப்பு ஒரு பிழைப்பா? அவன் இறங்கியதும் ரப்பர்களைக் கொக்கியிலிருந்து பிடுங்கி டாஷ்போர்டுப் பெட்டிக்குள் எறிந்தாள்.

அதுவே வழக்கமாயிற்று. வேலைக்கு வந்ததும் கழற்றுவாள். வீட்டுக்குப் போனதும் மனசாட்சிக்காக மாட்டுவாள். வலித்தால் கழற்றுவாள். மறுநாள் மறுபடி மாட்டும்போது முதல் நாள் வலி அப்படியே புதுசாக வரும். இந்த டாக்டருக்கு வேலையே தெரியவில்லை, ரப்பரே மட்ட ரகம் என்று கணவனிடம் தீர்ப்புச் சொன்னாள். அவன் எதற்கும் தலையாட்டப் பழகிவிட்டிருந்தான்.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தாள். சின்ன ஸ்கேலை வைத்து அளந்தாள். கையுறையைக் கழற்றினாள்.

"ரப்பர் போடறீங்களா?"

"போடறேனே."

"பல்லு அசையவே இல்லைங்க. போன தடவை எங்க இருந்துச்சோ அங்கேயே இருக்கு."

"அப்போ உங்க ரப்பர் சரியில்லை."

டாக்டர் அசரவில்லை. "ரப்பர் நல்லாத்தான் இருக்கு. நீங்க போட்டுப் போட்டுக் கழட்டறீங்க. பல்லு கொஞ்சம் நகர ஆரம்பிக்கும், நீங்க விட்டுடுவீங்க, அது பழைய இடத்துக்கே போயிடும். மறுபடி இழுத்தா மறுபடி முதல் நாள் வலிதான். விடாம போட்டிருந்தா அந்த வலி சில நாள்ல அடங்கியிருக்கும். இப்படியே போனா வலி மட்டும்தான் மிச்சம்."

பிரேக் அக்காவுக்குக் காது சூடேறியது. வாரத்தில் இரண்டு நாள் வந்து நாலு நாள் மட்டம் போட்டுவிட்டு, கார் வரமாட்டேங்குது என்று புலம்புகிற ஆட்களிடம் அவள் வாய் கிழியச் சொல்லும் வசனம் இது. அதைத் தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், மல்லாக்கப் படுக்க வைத்து, கழுத்தில் நீலத் துண்டைக் கட்டிச் சொல்கிறாள். அதுவும் குரலை உயர்த்தாமல். திட்டியிருந்தாலாவது பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

"வலிக்கு என்ன பண்றது?" என்று கேட்டாள். கேட்டது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"மெத்துனு இருக்கறதா சாப்பிடுங்க. குளிர்ந்த தண்ணி வாயில வச்சிருங்க. வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில கொப்பளிங்க. ரொம்பத் தாங்கலன்னா வலி மாத்திரை எழுதித் தரேன், சாப்பிட்ட பிறகு போடுங்க. கொக்கி கன்னத்தை உரசினா இந்த மெழுகை உருட்டி அது மேல ஒட்டுங்க. ஆனா ரப்பரைக் கழட்டாதீங்க."

வீட்டுக்கு வந்து மாட்டினாள். டாக்டரைத் திட்டிக்கொண்டே மசித்த உருளைக்கிழங்கு தின்றாள். கணவனைத் திட்டிக்கொண்டே உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். ஐஸ் தண்ணீரைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தொலைக்காட்சியில் வந்தவர்களை மனசுக்குள் திட்டினாள். ஆனால் ரப்பரைக் கழற்றவில்லை. வலி ஏறியது, உச்சத்தில் நின்றது. அப்புறம் ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது, பிரஷ் பட்டும் துள்ளிக் குதிக்கவில்லை என்று கவனித்தாள். வலி போய்விடவில்லை. அடிபட்ட நாய் மாதிரி ஒரு மூலையில் முனகிக்கொண்டு கிடந்தது. யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. டாக்டர் சொன்னது சரி என்று ஆகிவிடுமே.

அந்த வாரம்தான் பயில்வானைப் பெரிய ரவுண்டானாவுக்கு அழைத்துப் போனாள். வலப்பக்கம் ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது. அவனோ கண்ணாடியில் கழுத்தைச் சரிபார்த்தபடியே உள்ளே நுழையப் பார்த்தான்.

"நிறுத்துங்க!" என்று அவள் தன்னை மறந்து வாயைப் பிளந்து கத்தினாள்.

இடப்பக்க ரப்பர் கீழ்க்கொக்கியிலிருந்து விடுபட்டு, பட்டென்று வெளியே பறந்து, பயில்வானின் கன்னத்தில் எச்சிலோடு அறைந்தது.

"அய்யோ அம்மா!" என்று அலறிய பயில்வான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவள் பிரேக்கை மிதித்தாள். கார் குலுங்கி நின்றது. பேருந்து ஹாரனடித்துக்கொண்டு கடந்து போனது. பின்னாலிருந்து யாரோ அவர்கள் இருவரின் குடும்பத்தையும் விசாரித்தார்கள்.

காரை ஓரங்கட்ட வைத்தாள். பயில்வான் இறங்கி நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தான். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சின்னதாகச் சுருங்குமென்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"ரத்தம் வருதா பாருங்க மேடம். எரியுது."

அவள் குனிந்து பார்த்தாள். கொசு கடித்த அளவுகூடச் சிவக்கவில்லை.

"பலவீனம்தான் வெளிய போகுது. வரவேத்துக்குங்க," என்றாள்.

அவள் கைப்பையிலிருந்து புது ரப்பர் ஒன்றை எடுத்து, கார்க் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, நிதானமாக மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் பயில்வான் வேறு பயிற்சியாளர் வேண்டும் என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டான். மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"அவரை நீங்க தாக்கினதா சொல்றாருங்க."

"ஆமா. ரப்பர் பேண்டால."

மேனேஜர் காகிதத்தை ஒரு தடவை பார்த்தார், அவளை ஒரு தடவை பார்த்தார். சிரிப்பதா கண்டிப்பதா என்று அவர் முகம் தடுமாறியது. கடைசியில் அதைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "இனிமே வண்டியில வாயை மெதுவா திறங்க," என்றார். அவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் உருப்படியான யோசனை அதுதான். அதையும் ஒப்புக்கொள்ளாமல் எழுந்து வந்தாள்.

அடுத்த தடவை டாக்டர் ஸ்கேலை வைத்து அளந்து, மறுபடியும் அளந்தாள்.

"நல்லா நகர்ந்திருக்கு. பிரமாதம்ங்க!"

பிரேக் அக்காவுக்கு உள்ளே ஏதோ இளகியது. அதை உடனே உதறினாள். பாராட்டுக்கு இளித்துக்கொண்டு நிற்கும் ஆட்களை அவளுக்குப் பிடிக்காது.

"அப்போ முடிஞ்சுதா?"

"முடியலைங்க. இனிமே இதைவிட இறுக்கமான ரப்பர். மறுபடி சில நாள் வலிக்கும்."

டாக்டர் நீட்டிய புதுப் பொட்டலத்தை அவள் வாங்கிக்கொண்டாள். நாற்காலியிலிருந்து இறங்காமலேயே கைக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினாள். முதல் பக்கம் மாட்டியபோது கண்ணில் தண்ணீர் கட்டியது. மறுபக்கமும் மாட்டினாள்.

"வீட்டுல போய் மாட்டினாப் போதும்," என்றாள் டாக்டர்.

"வீட்டுல மாட்டறேன்னு சொல்றவங்க மாட்ட மாட்டாங்க," என்று இறுகிய வாயால் சொன்னாள் பிரேக் அக்கா. "எனக்குத் தெரியும் அந்த மாதிரி ஆளுங்களை."