யார் கையில்?

என் சட்டையின் இடது கையில் மூன்று துணி பேட்ஜ்கள் இருந்தன. தனியாகப் பறந்ததற்கு ஒன்று, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கியதற்கு ஒன்று, பக்கக் காற்றில் இறங்கியதற்கு ஒன்று. நான்காவது, பயணி பேட்ஜ். அது இல்லாமல் எங்கள் கிளப்பில் பக்கத்து சீட்டில் ஓர் ஈயைக்கூட உட்கார வைத்துக்கொண்டு பறக்க விடமாட்டார்கள். என் வீட்டுக்காரரிடம் அது ஏற்கெனவே இருந்தது. ஆனால் எங்கள் மகள், "முதல்ல அம்மாகூடதான் பறப்பேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

தேர்வுக்கு முந்தின வாரம் அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தேர்வாளரிடம் போய், "அவளுக்கு மூக்கு மேல கோவம் வரும் சார். பயணி பேட்ஜை கொஞ்ச நாள் கழிச்சுக் குடுங்களேன்" என்று சொல்லியிருக்கிறார். கொட்டகைக்குள் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்த என் காதில் தெளிவாக விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டின பெண்டாட்டியை இப்படியா விட்டுக்கொடுப்பது? அன்றைக்கே பேச்சை நிறுத்தினேன். வீட்டில் எல்லாம் மகள் வழியாகத்தான். "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "சாவி எங்கேன்னு உங்கம்மாவைக் கேளு." இத்தனைக்கும் இருவரும் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்திருப்போம். "நான் என்ன போஸ்ட் ஆபீஸா?" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

தேர்வில், பயணி பேட்ஜ் வாங்கிய ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். தேர்வாளர் கீழே நின்று பார்ப்பார். அன்று வரவேண்டியவருக்குக் காய்ச்சல். "உங்க வீட்டுக்காரரே இருக்காரே" என்றார் தேர்வாளர். முடியாது என்றால் என் வீட்டுக்காரர் மூட்டிவிட்டது உண்மை என்றாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன்.

எங்கள் குட்டி விமானத்தில் இரண்டு பேர் முன்னாலும், ஓட்டுவதற்கு ஆளுக்கொரு ஸ்டிக் உண்டு. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். ஆகவே ஓட்டுவது யார் என்பதைச் சொல்லித்தான் கை மாற்ற வேண்டும். கொடுப்பவர் "உன் கையில" என்பார். வாங்குபவர் "என் கையில" என்பார். பதில் காதில் விழாமல் கையை எடுக்கக் கூடாது. தேர்வில் பல தடவை இப்படி மாற்றிக் காட்ட வேண்டும்.

"உன் கையில." "என் கையில." அந்த ஒரு வாரத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். ஹெட்போனில் அவர் குரல் கேட்டபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம் அல்லவா?

"மெதுவா. உன் கோவத்தை ஸ்டிக்குல காட்டாத" என்றார்.

"இனிமே நீங்க வாயே திறக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றேன்.

"என் கையில" என்று வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். நான் கையை ஸ்டிக்கோரமாகத் தொடை மேல் போட்டுக்கொண்டு முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் விமானம் மெல்ல வலப்புறம் சாய்ந்தது. மூக்கு தாழ்ந்தது. எதிரே ஓடுபாதையின் கோடியில் இருந்த மரவரிசை. ஓஹோ, என்னைப் பயமுறுத்திப் பார்க்கிறாரா? எவ்வளவு தூரம் போகிறார் என்று நானும் பார்க்கிறேன் என்று அசையாமல் இருந்தேன். மரங்கள் பெரிதாயின. இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. இதற்கு மேல் பொறுக்க முடியாது, நன்றாகக் கேட்டுவிடுவது என்று திரும்பினேன்.

அவருடைய இரண்டு கைகளும் முழங்கால் மேல் இருந்தன. அவர் கண் ஸ்டிக்கோரமாக இருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

வாயைத் திறக்காதே என்றேன் அல்லவா? திறக்கவில்லை. வீட்டில் 'குழம்பை எடுத்துக்கோ' என்று ஜாடை காட்டுவது போல மோவாயை அசைத்து ஸ்டிக்கை எனக்குக் கொடுத்திருக்கிறார். நான் பார்த்தால்தானே? என் கோபத்தில் நான்தான் மரத்தை நோக்கி ஓட்டுகிறேன் என்று நினைத்து அவரும் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்.

"ஐயோ, என் கையில!" என்று கத்தி ஸ்டிக்கை இழுத்தேன். மர உச்சி சக்கரத்தை உரசியதா இல்லையா, தெரியாது. எப்படியோ சுற்றி வந்து இறக்கினேன்.

தேர்வாளர் சிரித்துக்கொண்டே வந்தார். "மரத்தோரமா ஒரு திருப்பம் போட்டீங்களே, பிரமாதம்! ஒரு குலுக்கல் இல்ல. யாரு ஓட்டினது?"

"அவதான் சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒவ்வொரு தடவையும் சொல்லித்தானே கை மாத்தினீங்க?"

"சொன்னோம் சார்."

எனக்காகப் பொய் சொல்கிறார். அந்த வாரம் முழுவதும் நான் ஏங்கியது இதற்குத்தான், அவர் என் பக்கம் நிற்பதற்கு. தேர்வாளர் பையிலிருந்து புது பேட்ஜை எடுத்து நீட்டினார். நானும் கையை நீட்டிவிட்டேன். அப்போது மகள் ஓடி வந்தாள். பெரிய ஹெல்மெட்டை ஏற்கெனவே மாட்டி, மோவாய்க்குக் கீழே வாரையும் இறுக்கியிருந்தாள்.

"அடுத்து நான்தானே? ஏறட்டுமா அம்மா?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"சார், அந்தத் திருப்பத்தை யாரும் ஓட்டல" என்றேன். "நாங்க சொல்லிக்கல. ரெண்டு பேரும் கையை எடுத்துட்டோம்."

"ஏய்..." என்றார் என் வீட்டுக்காரர்.

தேர்வாளரின் முகம் வெளுத்துவிட்டது. புது பேட்ஜைப் பைக்குள் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "உங்களோடதையும் பிரிச்சுக் குடுத்துடுங்க" என்றார். அந்த மனிதர் தன் பேட்ஜை நகத்தால் நெம்பினார். தையல் வரவில்லை. நான் போய் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை.

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரும் ஓட்டலையா? அப்ப மேல என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

நான் தையல் நூலைப் பிரிக்கத் தொடங்கினேன்.

"கீழேருந்து பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சும்மா" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் சமாதானமாயிட்டீங்கன்னு நினைச்சேன்."

ஹெல்மெட் வாரை அவளாகவே அவிழ்க்க ஆரம்பித்தாள்.