கழுத்துக்குள் நல்லசிவம் சார்

எம்.ஆர்.ஐ. படத்தில் என் கழுத்தின் ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் நடுவே எங்கள் மேலாளர் நல்லசிவம் சார் உட்கார்ந்திருந்தார். நாற்காலி போட்டிருந்தார். பக்கத்தில் டேபிள் ஃபேனும் இருந்தது.

டாக்டர் இன்பவல்லி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தேய்மானம்தான். உங்க வயசுல சகஜம். நடுவுல இருக்கிற டிஸ்க் தேஞ்சுபோச்சு. எடம் காலியானா யாராவது வந்து உக்காரத்தானே செய்வாங்க?”

“வலது கை விரல் மரத்துப்போகுது டாக்டர். நேத்து கொதிக்கக் கொதிக்கக் காபி டம்ளரைப் பிடிச்சேன். சுடவே இல்லை.”

“நரம்பு மேல செருப்புக்காலை வச்சிருக்கார். இப்படியே விட்டா அந்தக் கை உங்களுக்கு இல்லை.”

அந்தக் கை எனக்கு வேண்டும். அந்தக் கையால்தான் சாப்பிடுகிறேன். மகளுக்குச் சடை பின்னுகிறேன். செருப்பு வைக்க மனுஷனுக்கு வேறு இடமா கிடைக்கவில்லை?

“ஃபோன்ல பேசும்போது தலையாட்டுவீங்களா?” என்றார் டாக்டர்.

“சார் கூப்பிட்டா ஆட்டுவேன்.”

“அவருக்குத்தான் தெரியாதே?”

“எழுந்து நின்னு ஆட்டுவேன்.”

டாக்டர் ‘ம்’ என்றார். நோய் பிடிபட்டுவிட்டது.

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான். ‘சரிங்க சார்’ என்று ஃபோனில் சொன்னால் தலையும் கூடவே ஆடும். ஆட்டாமல் சொன்னால் அது சேர்த்தியில்லை என்று நினைத்திருந்தோம். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

“ஆபரேஷன் பண்ணிடலாம். பிளேட் வச்சு, ஸ்க்ரூ போட்டு அவரை அங்கேயே நிரந்தரமாக்கிடலாம். சாருக்குச் சம்மதம்.”

“எனக்கு?”

“நீங்க சும்மா தலையாட்டினாப் போதும்.”

வெளியே வராந்தாவில் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்கப் பார்க்க வராந்தா நீண்டது. ஜன்னல்கள் கூடின. வரிசையும் வளர்ந்தது.

“அவரை வெளியே எடுங்க டாக்டர்.”

“எடுக்கிற வழக்கமில்லையே.”

“அப்ப கழுத்துப்பட்டை குடுங்க. இருக்கிறதிலேயே விறைப்பானதா.”

முகம் சுளித்துக்கொண்டே மாட்டிவிட்டார். தாடை நிமிர்ந்தது. தலை மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வராந்தாவில் போய் உட்கார்ந்தேன்.

என் தோள்பட்டைக்குள் ஃபோன் அடித்தது. வரிசையே எழுந்து நின்றது. என் காலும் எழப் பார்த்தது. உட்காரு என்று அதட்டினேன். உட்கார்ந்தது.

“ஏம்மா சுகந்தி, உள்ள ஆட்டமே இல்லையே? ஃபேன் சுத்தலை. வேர்த்து ஊத்துது.”

“எறங்குங்க சார்.”

“மார்ச் முடியட்டும்மா. அப்புறம் பேசிக்கலாம்.”

எங்கள் அலுவலகத்தில் மார்ச் முடிந்ததே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது வந்த மார்ச்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

“முடியாது சார்.”

“என்னம்மா சொல்றே? தலையை ஆட்டிக்கிட்டுத்தானே சொல்றே?”

“ஆட்டலை சார். உக்காந்துக்கிட்டே சொல்றேன்.”

வராந்தாவில் யாரோ ‘ஐயோ’ என்றார்கள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. நல்ல சுகமான கோபம்.

கொஞ்ச நேரத்தில் நல்லசிவம் சார் என் கை வழியாக இறங்கி வந்தார். கட்டைவிரல் உயரம்தான் இருந்தார். இவருக்கா இத்தனை நாள் எழுந்து நின்றேன்?

“ஃபேனை எடுத்துக் குடும்மா.”

பழக்கதோஷம், கை நீண்டது. இழுத்துக்கொண்டேன்.

“நீங்களே தூக்கிக்கங்க சார்.”

தூக்கிக்கொண்டார். வரிசையைப் பார்த்து, “யார் கழுத்துல எடம் இருக்கு?” என்றார். எல்லாத் தலைகளும் ஆடின. அதற்குள் டாக்டர் இன்பவல்லி அறையிலிருந்து ஓடி வந்து, கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தார். சார் ஏறிக்கொண்டார். டாக்டரின் தலை ஆட ஆரம்பித்தது. உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது.

கேன்டீன்காரர் காபி கொண்டுவந்தார். வலது கையை நீட்டினேன்.

“கொதிக்குதும்மா, துணி வச்சுப் பிடிங்க.”

“வேண்டாம்.”

கட்டைவிரல் சுட்டது. ஆள்காட்டி விரலும் சுட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. நான் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.