சார் யாரும் இல்லைங்க

ஆபீஸில் அவளுக்குக் கால்குலேட்டர் என்று பட்டப்பெயர். தொடக்கப் பள்ளிகளில் ஆண் ஆசிரியர்கள் எந்த வட்டாரத்தில் அதிகம், எந்த வட்டாரத்தில் குறைவு என்று ஒப்பிட்டு அட்டவணை போடும் வேலை வந்தபோது, மேலதிகாரி வேறு யாரையும் தேடவில்லை. ஏழு வட்டாரங்களின் படிவங்கள் வந்துவிட்டன. மலை வட்டாரத்திலிருந்து மட்டும் மூச்சுப் பேச்சில்லை. அங்கே இருப்பதே மூன்று பள்ளிகள்தான். கெடுவோ அன்றைக்கே முடிகிறது. போனைப் போட்டுக் கேட்டாளே ஒரு கேள்வி!

“சாருங்க எத்தனை பேர் இருக்காங்க?”

“சார் யாரும் இல்லைங்க. டீச்சருங்கதான் இருக்காங்க, பதினோரு பேர்.”

“மூணு ஸ்கூல்லயுமா?”

“ஆமாங்க, மூணுலயும்தான்.”

அன்றைக்கு அங்கிருந்த சார்கள் எல்லாரும் பயிற்சிக்குப் போயிருந்தார்கள். வட்டார ஆபீஸில் போனை எடுத்த பியூன், பாவம், காலையில் மூன்று பள்ளிக்கும் தபால் கொடுக்கப் போனபோது கண்ணால் பார்த்ததைச் சொன்னார். இவள் கட்டத்தில் பூஜ்யம் போட்டாள்.

“அடேங்கப்பா, ஒருத்தர்கூட இல்லையா!” என்று மேலதிகாரி அந்தப் பூஜ்யத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு மேலிடத்துக்குக் கொண்டுபோனார். மறுவாரம் தபாலில் வந்த படிவத்தில், ஆண்கள் ஆறு என்று இருந்தது. அதற்குள் நகரத்திலிருந்து நாலு ஆண் ஆசிரியர்களை மலைக்கு மாற்றுவதாக முடிவாகியிருந்தது. இப்போது வாயைத் திறந்தால் இத்தனை வருஷத்துப் பேர் நாறிவிடும். யாரோ நாலு பேர்தானே, போய்விட்டு வரட்டும் என்று படிவத்தை டிராயரின் அடியில் செருகினாள். செருகிவிட்டு மதியம் வயிறாரச் சாப்பிடவும் செய்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். ஒன்றாம் வகுப்பு வாத்தியார். இருபத்தெட்டு வாண்டுகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவனுக்கு அன்றைக்குக் குரலே எழும்பவில்லை.

“என்னை மலைக்குத் தூக்கியடிச்சுட்டாங்கக்கா. என் வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரில ஷிஃப்ட் டியூட்டி. பாப்பாவுக்கு ரெண்டு வயசு. யார் பார்த்துக்கிறது?”

“எழுதிக் கொடுத்துப் பாரேன்டா.”

“என்னன்னு எழுதுறது? அங்க ஒரு ஆம்பளை வாத்தியார்கூட இல்லையாம். உங்க ஆபீஸ் கணக்குதானே? நீ போட்டா தப்பா இருக்காதே.”

குத்திக்காட்டவில்லை, நம்பித்தான் சொன்னான். அதுதான் அவளைக் கொன்றது.

திங்கட்கிழமை படிவத்தை எடுத்துப்போய் மேலதிகாரியின் முன்னால் வைத்து எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“ஏம்மா, என் வேலைக்கும் சேர்த்து உலை வைக்கப் பாக்கிறீங்களா? உங்க தம்பி பேரை எடுத்துடறேன். இந்தக் காகிதத்தை நீங்க கொடுக்கலை, நான் பாக்கலை. சரியா?”

மற்ற மூன்று பேர் என்ன ஆவார்கள் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். “சரி சார்” என்றுதான் வந்தது. சீ, என்ன பிறவி நான் என்று தன்னையே திட்டிக்கொண்டு இடத்துக்குத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை தம்பி போன் செய்தான். பின்னால் பாப்பா கத்திக்கொண்டிருந்தது.

“அக்கா, என் பேரை எடுத்துட்டாங்க! இப்பதான் உயிரே வந்துது.”

“நல்லதுடா.”

“எனக்குப் பதிலா எங்க ரெண்டாம் வகுப்பு சாரைப் போட்டிருக்காங்க. அவர் சம்சாரம் தவறி நாலு மாசம்தான் ஆகுது. ரெண்டும் பொடிப் பசங்க. வேண்டாம்னு எழுதிக் கொடுங்க சார்னு நானே சொன்னேன். மனுஷன் கேக்கலை. ‘ஒரு சார்கூட இல்லாம அந்தப் பிள்ளைங்க இருக்காங்களே, நான் போறேன்’னுட்டார். நாளைக்குக் கிளம்புறார்.”



“அக்கா? லைன்ல இருக்கியா?”

“அங்க ஆறு சார் இருக்காங்கடா” என்றாள்.

“எப்பலேருந்து தெரியும் உனக்கு?”

“அன்னைக்கு நீ வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே.”